மட்டக்களப்பிலிருந்து முதல் பொயின்ட் சப்பாத்து வாங்குவது எப்படி?

பாலே படிக்கும் பிள்ளைக்கு "இனிப் பொயின்ட் தொடங்கலாம்" என்று டீச்சர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பொயின்ட் என்றால் விரல் நுனியில் நின்று ஆடுவது, அதற்கென்றே நுனியை விறைப்பாகச் செய்ததுதான் பொயின்ட் சப்பாத்து. அடுத்த நாளே தலையிடி தொடங்கும். ஆங்கிலத்தில் தகவல் நிறையக் கிடக்கிறது. ஆனால் அவையெல்லாம் அரை மணித்தியாலத்தில் ஒரு கடைக்குப் போய் வரக்கூடியவர்களுக்காக எழுதியவை. கல்லடியிலோ ஏறாவூரிலோ இருந்துகொண்டு இந்தச் சப்பாத்தை வாங்குவது வேறு கதை. எங்கள் மகள் சனி, ஞாயிறு வகுப்புகளுக்குக் கொழும்பு போய் வருகிறாள். அவளுக்காக அலைந்து தெரிந்துகொண்டவற்றை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், அடுத்த பெற்றோர் இவ்வளவு அலைய வேண்டாம்.

தொடங்க முன் ஒன்று. தூரத்தில் இருப்பதாலேயே நமக்கு மூன்று யோசனைகள் வரும். "வளரும் பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிதாக எடுப்போம்." "நம்பரைச் சொன்னால் லண்டனில் இருக்கும் சித்தி வாங்கி அனுப்புவா." "திரும்பத் திரும்பப் போக ஏலாது, இரண்டு மூன்று சோடி சேர்த்து எடுப்போம்." பள்ளிச் சப்பாத்துக்கு இவை நல்ல யோசனைகள். பொயின்ட் சப்பாத்துக்கு மூன்றுமே ஆபத்தானவை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றையும் தவிர்ப்பதற்காகத்தான்.

1. டீச்சரின் சம்மதம்

கடையைத் தேட முன் இதை முடியுங்கள். வயது மட்டும் போதாது. நடன மருத்துவத்துக்கான சர்வதேசச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டல் 12 வயதுக்கு முன் பொயின்ட் வேண்டாம் என்கிறது. வாரத்துக்கு ஒரேயொரு பாலே வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குப் பொயின்ட்டை அது ஊக்குவிப்பதில்லை. இரண்டு வகுப்பென்றால் நான்காவது வருடப் பயிற்சியில் தொடங்கலாம் என்கிறது, அதுவும் உடம்பில் வேறு குறை இல்லாவிட்டால்தான்.

டீச்சர் என்ன பார்க்கிறார் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். பிள்ளை எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடக்காமல், குதிக்காலை உயர்த்தி இறக்க வேண்டும். இருபது தடவையாவது தளராமல் செய்தால் கணுக்காலில் பலம் இருக்கிறது. இன்னொன்று பென்சில் சோதனை. காலை நீட்டி இருந்து பாதத்தை முழுதாக முன்னுக்கு நீட்டச் சொல்லுங்கள். முன்கணுக்காலின் மேல் ஒரு பென்சிலை நீளவாக்கில் வையுங்கள். கணைக்கால் எலும்பின் பக்கமும் பாதத்தின் பக்கமும் தூக்கிக்கொள்ளாமல் பென்சில் நேராகக் கிடந்தால் போதிய வளைவு உண்டு. வளைவு போதாத பிள்ளை பொயின்ட்டில் ஏறினால் உடம்பின் பாரம் நேராக விழாது.

பாதம் மிக அழகாக, வில்லாக வளையும் பிள்ளைகளைப் பார்த்து "இவளுக்கென்றே செய்த கலை" என்று சொல்வார்கள். அந்தப் பாதங்களுக்குத்தான் கூடுதல் பலம் வேண்டும். டீச்சர் இன்னும் ஆறு மாதம் பொறுக்கச் சொன்னால் பொறுங்கள்.

தேர்வுக்காக அவசரப்படவும் தேவையில்லை. ரோயல் அகடமி ஒஃப் டான்ஸின் 1 முதல் 8 வரையான தரத் தேர்வுகளுக்குப் பொயின்ட் சப்பாத்து வேண்டியதில்லை. இன்டர்மீடியட் ஃபவுண்டேஷன் என்ற தொழில்முறை வரிசைக்குப் போகும்போதுதான் அது வரும்.

கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: எந்த பிராண்ட் வேண்டும், எது வேண்டாம், கடைக்கு அவர் கூட வருவாரா, வர முடியாவிட்டால் வாங்கியதைத் தைக்க முன் பார்த்துச் சொல்வாரா. கடைசிக் கேள்விக்கு "ஓம்" என்ற பதில் வராமல் காசு கட்டாதீர்கள். இணையவழி வகுப்பில் மட்டும் படிக்கும் பிள்ளைக்குப் பொயின்ட் தொடங்கவே கூடாது. காலைக் கையால் பிடித்துத் திருத்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2. பாத விபரத்தாள்

இதுதான் உங்கள் முக்கியமான ஆவணம். கடைக்கு நேரில் போனாலும், வீடியோவில் அளவு பார்த்தாலும் கேட்பது இதைத்தான்.

ஒரு வெள்ளைத் தாளில் பிள்ளையை இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு நிற்க வையுங்கள். பென்சிலை நிமிர்த்திப் பிடித்து இரு பாதங்களையும் வரையுங்கள். குதிக்காலிலிருந்து மிக நீளமான விரல் வரை மில்லிமீற்றரில் அளந்து எழுதுங்கள். விரல்களுக்குக் கீழே பாதம் மிக அகன்ற இடத்தில் நாடாவைச் சுற்றி அந்தச் சுற்றளவையும் எழுதுங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரியதற்குத்தான் சப்பாத்து.

பிறகு விரல்களின் வரிசை. பெருவிரல் நீளமாகி மற்றவை படிப்படியாகக் குறைந்தால் எகிப்தியப் பாதம். இரண்டாவது விரல் நீளமென்றால் கிரேக்கப் பாதம். மூன்று நான்கு விரல்கள் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்றால் சதுரப் பாதம். இந்த வரிசைதான் சப்பாத்தின் முன்பக்கப் பெட்டி, அதாவது பொக்ஸ், கூம்பலாக வேண்டுமா அகலமாக வேண்டுமா என்று தீர்மானிக்கும். முன்பாதத்தை இரு பக்கமும் கையால் அமுக்கிப் பாருங்கள். நன்றாக ஒடுங்கினால் அதையும் எழுதுங்கள், அந்தப் பாதம் பெட்டிக்குள் எளிதில் வழுக்கி இறங்கும்.

நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் வெறுங்காலோடு வளர்ந்தவர்கள், பரதமும் படித்தவர்கள். முன்பாதம் அகன்றும் குதிக்கால் ஒடுங்கியும் இருப்பது வழமை. கடைக்காரர் நீளத்தை மட்டும் பார்த்து எடுத்துத் தந்தால் அகலம் போதாமல் பெருவிரல் மூட்டு நசுங்கும். "அகலமான அளவு இருக்கிறதா?" என்று நீங்களே கேளுங்கள்.

படங்களும் எடுங்கள்: முன்னிருந்து, உள்பக்கத்திலிருந்து, அரைப் பாதத்தில் (குதிக்காலை உயர்த்தி முன்பாதத்தில்) நிற்கும்போது, பாதத்தை நீட்டியிருக்கும்போது. இப்போது போடும் மென் பாலே சப்பாத்தின் பிராண்டும் சைஸும், பழைய கணுக்கால் சுளுக்கு, பெருவிரல் மூட்டு வலி இருந்தால் அதுவும் தாளில் இருக்கட்டும். வலி இப்போதும் இருக்கிறதென்றால் முதலில் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள்.

வளரும் வயது. ஆறு கிழமைக்கு மேற்பட்ட தாளை நம்பாதீர்கள், திரும்ப அளக்க வேண்டும்.

3. காசுக் கணக்கு

பிரபலமான பிராண்ட்களில் ஒரு சோடி பெரும்பாலும் 80 முதல் 130 அமெரிக்க டொலர் வரை. டொலர் 300 ரூபா என்று பிடித்தால் 24,000 முதல் 39,000 ரூபா. கேய்னர் மின்டன் போன்றவை அதைவிடக் கூடும். இதற்கு மேல் ரிப்பன், இலாஸ்டிக், விரல் உறை, பயணம், கொழும்பில் சாப்பாடு, தங்கும் செலவு. வெளிநாட்டிலிருந்து வந்தால் அனுப்பும் கட்டணமும் வரியும்.

இது ஒருமுறைச் செலவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாணவி ஒருவரின் சோடி பொதுவாக 10 முதல் 20 மணித்தியால வேலைக்குத்தான் தாங்கும். தொடக்கத்தில் ஒரு வகுப்பில் இருபது நிமிடம் பொயின்ட் என்றால், கிழமைக்கு இரண்டு வகுப்புக்கு 40 நிமிடம். அப்படிப் பார்த்தால் ஒரு சோடி மூன்றரை முதல் ஏழு மாதம் வரை போகும். பயிற்சி கூடக் கூட அந்தக் காலம் குறையும். வருடத்துக்கு மூன்று சோடிக்காவது வழி இருக்கிறதா என்று வீட்டில் இருந்து பேசிவிட்டுத் தொடங்குங்கள். தளர்ந்து பலம் போன சப்பாத்தில் ஆட வைப்பதைவிட ஒரு வருடம் பிந்தித் தொடங்குவது நல்லது.

பாவித்த சப்பாத்து மலிவாகக் கிடைக்கிறதென்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அது வேறொருத்தியின் பாதத்துக்கு வளைந்து, பெட்டியும் தளர்ந்திருக்கும்.

4. எங்கே வாங்குவது

மூன்று வழிகள் உண்டு. எனது தெரிவு வரிசையும் இதுதான்.

முதலாவது, டீச்சர் சொல்லும் கொழும்புக் கடை அல்லது அவரே வரவழைக்கும் சப்பாத்து. போக முன் தொலைபேசியில் மூன்று கேள்வி: எத்தனை மொடல் கையிருப்பில் இருக்கிறது, பிள்ளையின் அளவுக்கு மேலும் கீழும் அரை சைஸ் இருக்கிறதா, பொயின்ட்டில் நின்று பார்க்க விடுவார்களா. ஒரு கடையில் ஒரேயொரு மொடலைக் காட்டி, "ரிப்பன் கட்டினால் இறுகிவிடும்" என்று சொல்லி எங்களுக்கு விற்கப் பார்த்தார்கள். ரிப்பன் கணுக்காலைத்தான் பிடிக்கும். சப்பாத்தின் நீளத்தையும் அகலத்தையும் அது மாற்றாது. அங்கே வாங்காமல் திரும்பினோம்.

இரண்டாவது, வெளிநாட்டுக் கடையின் வீடியோ வழி அளவெடுப்பு. சில கடைகள் இதைச் செய்கின்றன. பாத விபரத்தாள் இதற்கு உயிர். சில கடைகள் தனிக் கட்டணம் எடுக்கும், அதை முன்கூட்டியே கேளுங்கள். திருப்பி அனுப்பும் விதியையும் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, லண்டன், டொரொன்டோ, மெல்பேர்ன் உறவினர். சப்பாத்தைக் கொண்டுவர அவர்கள் அருமையான ஆட்கள். தெரிவு செய்ய முடியாது. புளொக், ஃப்ரீட், கப்பெசியோ என்று ஒவ்வொரு பிராண்டுக்கும் சைஸ் இலக்கம் வேறு, அகலக் குறியீடும் வேறு. ஒன்றில் 4 என்பது இன்னொன்றில் 4 இல்லை. வீதியில் போடும் சப்பாத்து இலக்கத்தோடும் பொருந்தாது. முன்பு நேரில் போட்டுப் பார்த்துப் பொருந்திய அதே மொடல், அதே நீளம், அதே அகலம், அதே ஷாங்க் (அடியில் இருக்கும் விறைப்பான தண்டு) என்று நான்கையும் எழுதிக் கொடுத்தால் மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள். எனவே இந்த வழி இரண்டாவது சோடிக்குத்தான்.

5. கொழும்புப் பயணமும் பாதமும்

இதை எந்த வழிகாட்டியிலும் நான் காணவில்லை. இரவு பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம் கால் தொங்கவிட்டு இருந்தால் பாதம் வீங்கும். ரெயிலிலும் அப்படித்தான். விடியப் புறக்கோட்டையில் இறங்கி, தேநீர் குடித்து, நேரே கடைக்குப் போனால் வீங்கிய பாதத்துக்குச் சப்பாத்து எடுப்பீர்கள். அடுத்த கிழமை அது தளரும்.

வெள்ளி இரவு புறப்பட்டால் சனி காலை உறவினர் வீட்டிலோ விடுதியிலோ காலை உயர்த்தி வைத்துப் படுக்க விடுங்கள். வகுப்பு முடிந்த பின், பின்னேரம் கடைக்குப் போங்கள். பாதம் சூடாக, ஆடும் நேரத்து அளவில் இருக்கும். நகங்களை அதே நாளில் வெட்ட வேண்டாம், இரண்டு மூன்று நாள் முன்னர் நேராக வெட்டுங்கள். வகுப்பில் போடும் டைட்ஸ், விரல் உறை இரண்டும் பையில் இருக்க வேண்டும்.

கார்த்திகை முதல் தை வரை நம் பக்கத்து மழையில் பாதையை நம்ப முடியாது. தை மாதம் பொயின்ட் தொடங்குவதென்றால் ஐப்பசிக்குள் சப்பாத்து வேலையை முடியுங்கள். அதற்கு மேல் முன்னதாக வாங்கி வைக்கவும் வேண்டாம், பாதம் வளர்ந்துவிடும்.

6. போட்டுப் பார்ப்பது

இதற்கு ஒரு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

காலை ஊன்றி நிற்கும்போது விரல்கள் நீட்டியபடி நுனியைத் தொட வேண்டும், மடங்கக் கூடாது. அப்புறம் இரண்டாம் நிலையில் பிளியே, அதாவது கால்களை அகட்டி நின்று முழங்காலை மடக்கித் தாழ்வது, செய்யச் சொல்லுங்கள். பாதம் மிகவும் நீளுவது அப்போதுதான். விரல் நுனி அழுந்துவது சரி. விரல் மடங்கினாலோ வலித்தாலோ சப்பாத்து கட்டை.

அடுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் பாரம் போடாமல் பொயின்ட்டில் வைக்க வேண்டும். குதிக்காலில் துணியைக் கிள்ளிப் பாருங்கள். அரை சென்ரிமீற்றர் முதல் ஒரு சென்ரிமீற்றர் வரை கைக்குள் வரலாம். அதற்கு மேல் வந்தால் நீளம் கூட. கிள்ளவே முடியாவிட்டால் நீளம் போதாது. "வளரட்டும்" என்று விடும் இடம் இங்கே கிடையாது. பெரிய சப்பாத்துக்குள் பாதம் கீழே இறங்கி, முழுப் பாரமும் பெருவிரல் நகத்தில் விழும்.

அந்த இறக்கத்தைக் கண்டுபிடிக்கப் பிள்ளையிடமே கேளுங்கள்: "மேலே ஏறும்போது உள்ளே வழுக்கிப் போகுதா?" ஆம் என்றால் பெட்டி அகலம். பெட்டியின் பக்கவாட்டில் உங்கள் விரல் இலகுவாக நுழைந்தாலும் அதே காரணம். தடித்த ஜெல் உறையைப் போட்டு அந்த இடைவெளியை நிரப்பச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். உறை தோலைக் காக்கத்தான். சிறிய காலில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைத்துச் சமன் செய்யலாம்.

வாம்ப் என்பது விரல்களை மூடும் மேல்பகுதி. அது விரல் மூட்டுகளை முழுதாக மூட வேண்டும். கட்டையாக இருந்தால் பாதம் முன்னுக்குச் சரிந்து வெளியே தள்ளும். நீளமாக இருந்தால் அரைப் பாதத்துக்கு ஏறவே முடியாது. விங்ஸ், அதாவது பெட்டியின் பக்கச் சுவர்கள், பெருவிரலின் அடிமூட்டைத் தாங்க வேண்டும். நுனியின் தட்டையான பகுதி முழுவதும் நிலத்தில் பட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பட்டால் வேறு மொடல் பாருங்கள்.

ஷாங்க் என்பது அடியில் இருக்கும் விறைப்பான தண்டு. பொயின்ட்டில் நிற்கும்போது அது உள்ளங்காலை ஒட்டி வர வேண்டும். ஒரு பக்கம் திருகிப் போனாலோ பாதத்தை விட்டு விலகி நின்றாலோ சப்பாத்து பொருந்தவில்லை. "நல்ல கடினமானது தாங்க" என்று நாமாகக் கேட்கக் கூடாது. பலம் குறைந்த பிள்ளை கடினமான ஷாங்கை வளைக்க முடியாமல் பின்னுக்குச் சாய்ந்து நிற்பாள், தசை வேலை செய்யாது. மிக மென்மையும் ஆகாது. இதைக் கடைக்காரரைவிட டீச்சர்தான் சொல்ல வேண்டும். கேய்னர் மின்டனின் ஷாங்க் பிளாஸ்டிக் வகை, சீக்கிரம் தளராது. ஆனால் முதல் சோடியாக அதை விரும்பாத டீச்சர்மார் உண்டு. கேட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றிவர ஒரே மாதிரி இறுக்கம் இருப்பது நல்ல அடையாளம். ஒரு புள்ளியில் குத்தினாலோ விரல் மரத்தாலோ கழற்றுங்கள். பிள்ளைகள் ஆசையில் வலியை மறைப்பார்கள். காசையும் பயணத்தையும் பற்றி அந்த நேரத்தில் அவள் முன் பேசாதீர்கள், "பரவாயில்லை அம்மா, சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவாள். பொருந்தியது கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்புவதே சரியான முடிவு.

ஒரு சோடிதான் வாங்குங்கள். பிராண்ட், மொடல், நீளம், அகலம், ஷாங்க் எல்லாவற்றையும் அடிப்பாகத்தைப் படமெடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டும் பத்திரம்.

7. பார்சலில் வந்தால்

இலங்கை வங்கிகளின் அட்டைகள் சிலவற்றில் வெளிநாட்டு இணையக் கொள்வனவு பூட்டியிருக்கும். முதலில் வங்கியில் திறந்துகொள்ளுங்கள். வங்கி பிடிக்கும் டொலர் விலை நீங்கள் இணையத்தில் பார்த்ததைவிடக் கூடும்.

சுங்கத்துக்குக் கடையின் இன்வொய்ஸ், காசு கட்டிய சான்று, பெறுபவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். பெறுபவர் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும், பிள்ளையின் பெயரில் வரவழைக்க வேண்டாம். "அன்பளிப்பு" என்று எழுதினால் வரி வராது என்று நம்பாதீர்கள். 2024 தை முதல் பெறுமதி சேர் வரியே 18 வீதம், மற்ற அறவீடுகள் தனி. விலையைக் குறைத்து எழுதச் சொல்லவும் வேண்டாம், தடுத்து வைத்தால் வகுப்புத் தொடங்கும் நாள் தப்பிவிடும்.

கைக்கு வந்ததும் சீமெந்து நிலத்திலோ டைல்ஸிலோ போட்டு நடக்கக் கூடாது. அழுக்குப் பட்டாலோ ஊசி ஏறினாலோ கடை திருப்பி எடுக்காது. சப்பாத்துக்கு மேல் சுத்தமான காலுறையை இழுத்துவிட்டு, விரிப்பின் மேல் காலை ஊன்றி நின்று பிளியே மட்டும் பாருங்கள். பொயின்ட்டில் ஏறுவது டீச்சர் முன்தான். டைல்ஸ் வழுக்கும், அதில் எந்த நாளும் வேண்டாம்.

8. தைப்பது

டீச்சர் பார்த்துச் "சரி" என்ற பிறகே ஊசியை எடுங்கள். ஒரு சோடிக்கு இரண்டரை மீற்றர் அளவில் ரிப்பன் போதும், அகலம் 2.2 சென்ரிமீற்றர். நகரத்துத் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும் பரிசுப்பொதி ரிப்பன் மெல்லியது, வழுக்கும், முடிச்சு நிற்காது. தடித்த சட்டின் கேளுங்கள். நான்காக வெட்டி நுனிகளை மெழுகுதிரியில் லேசாகக் காட்டினால் நூல் பிரியாது.

குதிப்பக்கத் துணியை உள்ளே மடித்தால் வரும் மடிப்புத்தான் ரிப்பனின் இடம். உள் அடுக்குத் துணியை மட்டும் பிடித்துத் தையுங்கள். விளிம்புக்குள் ஓடும் இழுகயிற்றை ஊசி குத்தினால் பிறகு இறுக்க முடியாது. சாதாரண நூல் அறும், மெழுகிடாத டென்டல் ஃபுளொஸ் நன்றாகத் தாங்கும். தையற்காரரிடம் மெஷினில் கொடுக்க வேண்டாம். முடிச்சு உள்பக்கக் கணுவுக்குப் பின்னால் வர வேண்டும், குதிநரம்பின் மேல் வரக் கூடாது.

பெரும்பாலான பொயின்ட் சப்பாத்துகளுக்கு இடது வலது கிடையாது. எது எந்தக் காலில் நன்றாக இருக்கிறதென்று பார்த்து உள்ளே பேனையால் குறித்துவிடுங்கள். கதவிடுக்கில் நசித்து, சுத்தியலால் அடித்து, ஷாங்கை வெட்டும் வீடியோக்கள் பழுத்த நடனக்காரருக்கானவை. முதல் சோடியைக் கையால் மெல்ல வளைப்பதும் அரைப் பாதத்தில் நடப்பதும் போதும்.

9. காயவைப்பது, மாற்றுவது

பெட்டி துணியும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டியது. வியர்வை பட்டால் இளகும். வாவிக் காற்றும் புழுக்கமும் உள்ள நம் ஊரில் இது இன்னும் சீக்கிரம். ஞாயிறு வகுப்பு முடிந்ததும் பொலித்தீன் பையில் கட்டி பஸ்ஸில் போட்டால் விடியும்போது பெட்டி மெத்தென்று இருக்கும். துணிப்பையில் வையுங்கள், விரல் உறையைத் தனியே எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலில் தொங்கவிட்டாலே காய்ந்துவிடும். வெயிலில் வேண்டாம். கழுவவே கூடாது.

பெட்டியை அமுக்கினால் பிஸ்கட் மட்டை போல உள்ளே போனால், ஷாங்க் எதிர்ப்பே காட்டாமல் வளைந்தால், முன்பு வராத நகவலி வந்தால் அந்தச் சோடி முடிந்தது. வெளிச் சட்டின் புதிதாகத் தெரிந்தாலும் முடிந்ததுதான். அதை எறிந்துவிடாமல் அடுத்த முறை கடைக்குக் கொண்டுபோங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, ஷாங்க் எங்கே முறிந்திருக்கிறது என்று பார்த்தே அடுத்த சோடிக்கு எந்த மொடல், என்ன அகலம், எவ்வளவு கடினம் என்று டீச்சரும் கடைக்காரரும் சொல்வார்கள்.